பொருள்: சுவரில் ஒரு பெட்டி தொங்குவது – தொடர்பாக

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தபால்காரர்,
மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, 23ஆம் படி,
விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்று.

பெறுநர்:
கிராமங்களை இணைக்கும் உயர் அதிகாரி அவர்கள்,
எந்தத் துறையோ அந்தத் துறை.

ஐயா,

பெறுநர் பகுதியில் துறையின் பெயர் இல்லாததைத் தங்கள் அலுவலக எழுத்தர் குற்றமாகக் கொள்ள வேண்டாம். மூன்று இடங்களில் விசாரித்துவிட்டேன். கேபிள் போட்டவர்கள் வேறாம், பெட்டி மாட்டியவர்கள் வேறாம், பழுது பார்க்க வேண்டியவர்கள் வேறாம். மூவரும் அடுத்தவர் இருக்கும் திசையை மட்டும் திருத்தமாகக் காட்டினார்கள். நான் முப்பத்தைந்து வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவன். "வேப்பமரத்து வீட்டுக்குப் பின்வீடு, பெரியம்மாவுக்கு" என்று மட்டும் எழுதி வந்த கார்டையே உரியவர் கையில் சேர்த்திருக்கிறேன். இந்த மனுவும் வந்து சேரும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டிய பெட்டி நலமாக இருக்கிறது. எந்தத் திட்டத்தில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒட்டியிருந்த மூன்று ஸ்டிக்கர்களும் வெயிலில் வெளுத்துவிட்டன. வந்த அன்று அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். போட்டோ எடுத்து முடிக்கும்வரை எரிந்தது. கூடவே வந்த பேட்டரி இப்போது ஒருவர் வீட்டில் மின்விசிறியைச் சுற்றவைக்கிறது. கேட்டால், "பொதுமக்கள் பயன்பாட்டுக்குன்னுதானே குடுத்தாங்க, நான் பொதுமக்கள் இல்லையா?" என்கிறார். அலுவலகச் சாவி செயலரிடம். செயலர் இரண்டு ஊராட்சிகளைப் பார்க்கிறார். எங்களுக்கு அவர் செவ்வாயும் வெள்ளியும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊர் அந்தப் பெட்டியைத் தரிசிக்கிறது. மற்ற நாட்களில் தரிசனம் பல்லிக்கு.

தங்கள் கணக்கில் எங்கள் ஊருக்கு நேரே 'இணைக்கப்பட்டது' என்று இருப்பதாக என் பேரன் காட்டினான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தபாலில் 'பட்டுவாடா' என்று எழுதுவது அத்தனை லேசில்லை ஐயா. என் காலத்தில் பதிவுத் தபாலை ஆள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் கட்டைவிரல் ரேகை, அதற்கு ஒரு சாட்சி. திண்ணையில் வைத்துவிட்டு வந்து பட்டுவாடா ஆயிற்று என்று எழுதியவனுக்கு மெமோ வரும். அந்தத் தொல்லையெல்லாம் தங்களிடம் கிடையாது. சுவரிடம் கொடுத்தால் போதும், சுவரும் மறுப்பதில்லை.

குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பொறுமையில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் போவதற்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 20,000 கோடி ரூபாய், அவகாசம் இரண்டே வருஷம். அந்த 2013ஆம் வருஷம் ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். புதியது வரும் நாளும் பழையது போகும் நாளும் ஒன்றாக அமைகிறதே, என்ன பொருத்தம் என்று தபாலாபீஸில் பேசிக்கொண்டோம். பழையது சொன்ன தேதியில் போய்விட்டது. புதியதற்கு 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டம் என்று 1,39,579 கோடிக்கு மறுபடியும் ஒப்புதல் வாங்கினார்கள். இந்தப் பணத்துக்கு நானும் ஒரு பங்குதாரர். டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதம் கிராமங்களுக்காக என்று தனி நிதிக்குப் போகிறதாம். அந்த வருமானத்துக்குள் என் ரீசார்ஜும் இருக்கிறது. பங்குதாரர் என்ற முறையில் பெட்டியை அவ்வப்போது துடைத்துவிட்டு வருகிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். 2004இல் நொடிக்கு 256 கிலோபிட் வந்தால் அதற்குப் பெயர் பிராட்பேண்ட். 2013இல் அது 512 ஆயிற்று. 2023இல் 2 மெகாபிட். எங்கள் ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இலக்கணம் மட்டும் இரண்டு முறை பஸ் ஏறிப் போய்விட்டது.

அனுப்புநர் முகவரியைப் பற்றித் தாங்கள் கேட்கக்கூடும். எங்கள் ஊரில் செல்லுக்கு சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியின் படியில்தான். பதினேழாம் படியில் ஒரு கோடு. இருபத்து மூன்றில் இரண்டு கோடு, அதுவும் புதுச்சேரிப் பக்கம் முகத்தைத் திருப்பினால். கல்லூரி விண்ணப்பம், கேஸ் பதிவு, வெளிநாட்டிலிருக்கும் மருமகனோடு சண்டை எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. பென்ஷன்காரனான நான் உயிரோடு இருப்பதும் அங்கேதான். வருஷம் ஒரு முறை உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும் அல்லவா? முன்பு நேரில் போய் நின்றால் போதும். இப்போது வீட்டிலிருந்தே செல்லைப் பார்த்துக் கண் சிமிட்டினால் போதும் என்று சலுகை தந்திருக்கிறார்கள். என் வீடு இருபத்து மூன்றாம் படியில் இல்லாதது என் தவறு. போன முறை நான் சிமிட்டியபோது செல்லில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது நின்றபோது நான் சிமிட்டவில்லை. மூன்றாம் முயற்சியில், கீழே நின்று சொம்போடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் நான் தன்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக நினைத்துக்கொண்டார். எழுபத்தொரு வயதில் இந்தப் பெயர் வேறு.

சிரிப்பு இந்த இடத்தில் எனக்கே நின்றுபோகிறது. அமிலம் வீசப்பட்டுக் கண்கள் சிதைந்த ஒரு பெண்ணிடம், வங்கிக் கணக்கு தொடங்குவதற்குக் கண்ணைச் சிமிட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டிஜிட்டல் வசதியை அடையும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பையும் பேரன்தான் தொட்டியில் ஏறி இறக்கிக் கொடுத்தான்.

திறன் பயிற்சிக்கு வருவோம். கேபிள் மட்டும் இருந்து என்ன, ஜனங்களுக்குப் பயன்படுத்தத் தெரிய வேண்டாமா என்று தாங்கள் யோசித்திருக்கிறீர்கள். 2017இல் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுக்கென்று பிரதமர் பெயரில் ஒரு திட்டம் வந்தது. ஆறு கோடிக் குடும்பங்கள், வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பாடம், பரீட்சை, சான்றிதழ். 2024 மார்ச்சில் மூடும்போது ஆறு கோடிக்கும் மேற்பட்டவர் படித்து முடித்திருந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு ஒருவர் என்றால் அந்த ஒருவர் யாராக இருப்பார்? படிக்கக்கூடிய பிள்ளை. படித்த பிள்ளை எங்கே இருப்பான்? திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ. வீட்டிலிருந்த ஒரே நல்ல செல்லும் அவன் பையில்தான் இருக்கும். மிச்சமிருப்பது அவன் அம்மாவும் ஆயாவும் ஒரு பட்டன் செல்லும்.

வயது வரம்பையும் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. 14 முதல் 60 வரை. அறுபது தாண்டியவனுக்குத்தான் பென்ஷன், கைரேகை, முகம், ஓடிபி எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. நீச்சல் வகுப்பை முடித்துக் கதவைச் சாத்திய பிறகு கிணற்றில் தள்ளுவது நல்ல ஒழுங்கு.

திறன் வளரவே இல்லை என்று மட்டும் யாரும் தங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவை செல்லில்தான் எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆட்களை நிறுத்திப் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏரிக்குள் டவர் இல்லை. பணித்தளப் பொறுப்பாளர் செல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையில் நடப்பதைப் பார்த்தால் தீச்சட்டி எடுப்பது போலிருக்கும். பிறகு நாடு முழுக்க ஜனங்கள் தாங்களாகவே ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். பழைய படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் அமைச்சகமே சுற்றறிக்கை விட வேண்டியதாயிற்று. இருபது மணி நேர வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா?

எங்கள் ஊரின் உண்மையான இணையம் எது என்று தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அவள் வீட்டுத் திண்ணையில் கூட்டம் சேரும். ஆதார் அட்டை, பாஸ் புத்தகம், மஞ்சள் பை. "கண்ணு, மாசப் பணம் ஏறிச்சான்னு பாரேன்." "இந்த மெசேஜு என்னா சொல்லுது?" அவள் பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுப்பதற்குள் இருட்டிவிடும். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறீர்கள். எங்கள் தெருவே தினமும் அவளிடம் ஓடிபியை உரக்க வாசிக்கச் சொல்கிறது. வேறு என்ன செய்யும்? அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. ஏமாற்றுகிறவனோ அழகான தமிழில், "அம்மா, பேங்கிலிருந்து பேசுறேன், சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிக்கிறான்.

அந்தத் திண்ணையைப் பார்க்கும்போது என் காலம் நினைவுக்கு வரும். கடிதத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று சட்டத்தில் இருந்தது. ஊரில் அப்படி இல்லை. "படிச்சிட்டுப் போ தம்பி" என்பார்கள். படிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும், மணியார்டர் ஃபாரம் நிரப்ப வேண்டும். பம்பாயிலிருந்து ஒரு மகன் எழுதியிருந்தான், இனி பணம் அனுப்ப முடியாது என்று. அந்த ஒரு வரியை நான் தாண்டிவிட்டேன். அவன் நல்லபடியாக இருக்கிறான் என்ற மற்ற வரிகளைப் படித்தேன். தப்புதான். அடுத்த வாரம் கிழவி என் சைக்கிள் மணிச் சத்தத்துக்கு வாசலில் வந்து நின்றபோது அந்தத் தப்பு என்னை நன்றாகப் பார்த்தது. இந்தச் சின்னப் பெண்ணும் அப்படி எத்தனை வரிகளைத் தாண்டுகிறாளோ.

ஊர் ஜனங்களிடம் தகவலைக் கொண்டு சேர்ப்பது முடியாத காரியம் என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் மாவட்டத்து ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பவை. அங்கே 1998இலேயே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். கேபிள் ஏது? ரேடியோ அலையும் சூரிய மின்தகடும்தான். எம்பலத்தில் கோயில் இடத்தில் கம்ப்யூட்டரை வைத்து உள்ளூர்ப் பெண்களே நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற எந்த மீனவரும் கம்ப்யூட்டர் படிக்கவில்லை, சான்றிதழ் வாங்கவில்லை. காது இருந்தது, போதுமானதாக இருந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்தார், கடல் ஏதோ செய்கிறது, ஓடுங்கள் என்று. தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர் எழுந்து ஓடியது. வீடுகள் போயின, படகுகள் போயின, உயிர் போகவில்லை. அன்றைக்கு அங்கே எத்தனை மெகாபிட் இருந்தது என்று யாரும் இதுவரை கேட்டதாகத் தெரியவில்லை. மைக்கை எடுத்து வாசிக்க ஓர் ஆள் இருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் தாங்கள் மாட்ட மறந்தது அந்த ஆளைத்தான்.

ஆகவே ஐயா, இன்னொரு பெட்டி வேண்டாம். இருக்கிற பெட்டியின் சாவியை அந்தத் திண்ணைப் பெண்ணைப் போல ஒருத்தியிடம் கொடுத்து, அவளுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றைப் போடுங்கள். இப்போது அவளுக்குக் கிடைப்பது முறுக்கும் ஆசீர்வாதமும் மட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெட்டி உயிரோடு இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் அப்போதுதான் திரும்புகிறார்கள். ஒலிபெருக்கிக்குச் செலவு வேண்டாம், மாரியம்மன் கோயிலில் இரண்டு இருக்கின்றன, ஆடி மாதம் போக மற்ற நாட்களில் சும்மாதான் தூங்குகின்றன. எச்சரிக்கையைத் தமிழில் அனுப்புங்கள். 'இணைக்கப்பட்டது' என்று எழுதுமுன் ஊரில் ஒரு கிழவியின் கட்டைவிரல் ரேகையும் ஒரு சாட்சியும் வாங்கி வரச் சொல்லுங்கள். வேலை தெரியாத தங்கள் ஊழியர் யாரும் இருந்தால் என்னிடம் அனுப்பினால் ரேகை வாங்கும் முறையை நானே சொல்லித்தருகிறேன். மை நிறைய தடவக் கூடாது.

ஒரே ஓர் அவசரம். உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கும் மாதம் நவம்பர். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்த நவம்பரில்தான். தொட்டிப் படியில் பாசி பிடித்துவிடும், இடி வேறு. உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஏறி, நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுமோ என்று வீட்டுக்காரி பயப்படுகிறாள். அதற்கு முன்பாகப் பதில் போட்டால் நல்லது. தபாலிலேயே போடுங்கள். இப்போது வரும் தபால்காரர் நல்ல பையன், கையில் கொடுத்துவிட்டுத்தான் போவான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணைக்கப்பட்ட கிராமத்தைச் சேர்ந்தவன்.

இணைப்பு: இல்லை.