துண்டு போட்ட இருக்கையும் 640 கேபியும்: பேரையூர்ப் பேருந்து வழி ஒரு நினைவக ஆய்வு

தனிக்கணினியின் நினைவகத்தை ஆளும் கலை அமெரிக்காவில் பிறந்தது என்பது அறிஞர் கொள்கை. அது மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர் போகும் பேருந்தில் பிறந்தது என்பது இக்கட்டுரையாளனின் துணிபு. இப்பொருளில் முந்தைய ஆய்வு எதுவும் இல்லை. ஆகவே மறுப்பாரும் இல்லை.

முதலில் சிக்கல். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட தனிக்கணினியில் இருந்தது இன்டெல் 8088 சில்லு. அதற்கு முகவரிக் கம்பிகள் 20. ஆக, அதற்கு எட்டிய இடம் 10,48,576 பைட், அதாவது ஒரு எம்பி. அதில் 640 கேபி பயணிகளுக்கு. மிச்சம் 384 கேபி திரை அட்டை, பயாஸ் முதலிய பெரிய மனிதர்களுக்கு ஒதுக்கீடு. (640 யாருக்கும் போதும் என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் அவர்.) 'மகளிர்' என்று எழுதிய இருக்கை காலியாகக் கிடக்க, ஆண்கள் கம்பியைப் பிடித்துத் தொங்குவதை நினைத்துக்கொள்க. பின்னால் வந்த 386 இயந்திரத்தில் நான்கு எம்பி இருந்தும், டாஸ் என்ற இயங்குதளம் அந்த 640-க்குள்ளேயே நெரிந்துகொண்டு இடமில்லை என்றது.

இடம் இல்லாதது வேறு, துண்டு போட்டு வைத்திருப்பது வேறு. இதை அறிந்தவர் நடத்துநர்.

டாஸ் உலகில் துண்டுக்கு டிஎஸ்ஆர் என்று பெயர். 'நான் கிளம்புறேன்' என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும் உறவினரைப் போன்ற நிரல் அது. 1984-இல் வந்த போர்லாண்டின் சைட்கிக் இவ்வினத்தில் பேர்போனது. இத்தகையோரை எழுப்பி ஒதுக்கீட்டுப் பகுதியின் காலி இடங்களில் உட்காரவைக்க, 1991-இல் வந்த டாஸ் 5-இல் இஎம்எம்386 என்ற நடத்துநர் நியமிக்கப்பட்டார். லோட்ஹை என்பது அவர் விசில். பெண்கள் யாரும் ஏறாத வரை இந்த ஏற்பாட்டில் குறையில்லை. திருமங்கலத்தில் ஒரு பாட்டி ஏறிவிட்டால் போச்சு. அதாவது நெட்வொர்க் அட்டை ஒன்று தன் முகவரியைக் கேட்டுவிட்டால், இயந்திரம் நடுரோட்டில் நின்றுவிடும்.

ஓட்டுநர் பக்கத்துப் பானெட் தனி ஆய்வுக்குரியது. ஒரு எம்பி எல்லையைத் தாண்டியதும் 65,520 பைட் அளவில் ஒரு திட்டு உண்டு. பானெட்டைப் போலவே அதிலும் ஒரே ஆள்தான் உட்காரலாம். அதற்குப் போகும் வழியான ஏ20 என்ற கம்பியை ஐபிஎம் ஏடி இயந்திரத்தில் விசைப்பலகைச் சில்லின் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பேருந்துக் கதவின் சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவைத்த மாதிரி. ஏன் என்று கேட்கக் கூடாது; அந்தச் சில்லில் ஒரு கால் சும்மா இருந்தது.

குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் கியூஇஎம்எம் இன்னும் கெட்டிக்காரர். ரோம் உட்கார்ந்திருக்கும் இடத்தையே, அதற்குத் தெரியாமல், வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். 1993-இல் டாஸ் 6-உடன் வந்த மெம்மேக்கரோ, யாரை எங்கே ஏற்றினால் இடம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் போட்டு இயந்திரத்தை அணைத்து அணைத்து எழுப்பும். பருத்திச் சிப்பத்தை முதலில் ஏற்று, கூடையை அப்புறம் சொருகு என்பது பேரையூரில் குழந்தைக்கும் தெரியும்.

இனிக் களச்சான்று. பேரையூரில் ஓர் உரக்கடைக் கணக்குக்காக வாங்கிய 386. பாக்ஸ்புரோ என்ற தரவுத்தள நிரலைத் தட்டினால் நினைவகம் போதாது என்கிறது. தொழில்நுட்ப உதவி என்பது மதுரையில் ஒரு மெக்கானிக் அண்ணன். இடையில் எஸ்டிடி பூத். இயந்திரம் இரண்டு தெரு தள்ளி. கான்ஃபிக் கோப்பை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நான் பூத்துக்கு ஓடினேன். கடைப்பையன் கூடவே வந்தான்.

"ஒவ்வொரு வரியா வாசிங்க தம்பி."

"டிவைஸ், சமக்குறி, சி, ரெண்டு புள்ளி, அப்புறம் ஒரு சாஞ்ச கோடு..."

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

தாளைப் பார்த்தேன். அவசரத்தில் நேராகவே இழுத்திருந்தேன். சிவப்பு எண்கள் மீட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே வரிசையில் நின்ற பெரியவர், இதென்ன சாமி மந்திரமா என்ற பார்வையோடு துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"பஃபர்ஸ் எவ்வளவு?"

"தொண்ணூத்தொம்பதுண்ணே."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பஃபர் என்பது வட்டிலிருந்து படித்ததை வைத்துக்கொள்ள ஒதுக்கும் இடம்; ஒன்று ஐந்நூற்றுச் சொச்சம் பைட். தொண்ணூற்றொன்பது என்றால் ஐம்பது கேபிக்கு மேல். அது பானெட்டிலும் கொள்ளாது. மொத்தமும் 640-க்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். வராத ஆளுக்குத் தொண்ணூற்றொன்பது துண்டு.

"பதினஞ்சாக்கச் சொல்லுங்க."

பையன் ஓடினான். மீட்டரும் ஓடியது. மூச்சிரைக்க வந்து, "பாக்ஸ்புரோ வந்திருச்சு" என்றான்.

"சரி தம்பி, தொண்ணூத்தொம்பது யாரு போட்டது?"

"லைன் சரியாக் கேக்கலண்ணே" என்று போனை வைத்தேன்.