சொன்னாராம்: ஏனாத்தூர் வட்டாரத்து அயற்கூற்று குறித்து ஓர் ஆய்வு

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து ஏனாத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் காலை எட்டரை மணிக்கு ஏறுபவருக்கு உட்கார இடம் கிடைக்காது. ஆய்வுக்குத் தரவு நிறையக் கிடைக்கும். பின்படிக்கட்டருகே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாணவி தோழியிடம் சொல்கிறாள்: “‘நீ மொதல்ல அரியர முடி, அப்புறம் போன் வாங்கித் தரேன்’னு அம்மா சொன்னாங்கன்னு அப்பா சொன்னாரு. அதுக்கு நான் ‘அப்ப போனே வேணாம்’னு சொல்லிட்டேன்னு அம்மா பாட்டிகிட்ட சொன்னாங்களாம்.”

இரண்டே வாக்கியம். அதற்குள் அம்மா, அப்பா, மாணவி, மறுபடியும் அம்மா என்று வரிசையாகப் பேசிவிட்டார்கள். ‘சொன்னாங்களாம்’ என்பதன் வாலில், பாட்டி வீட்டுச் சேதியைக் கொண்டுவந்து சேர்த்த பெயர் தெரியாத நான்காவது ஆளும் ஒளிந்திருக்கிறார். யார் எதைச் சொன்னார் என்பதில் தோழிக்கு ஒரு குழப்பமும் இல்லை. அதே மாணவி அரை மணி நேரம் கழித்து ஆங்கில வகுப்பில் உட்காருகிறாள். ‘ஐ வில் கம் டுமாரோ’ என்று ஒருவன் சொன்னதை அயற்கூற்றாக மாற்றச் சொன்னால், ‘ஹி டோல்டு தட் ஐ வில் கம் டுமாரோ’ என்று எழுதி இரண்டு மதிப்பெண்ணை இழக்கிறாள். பேருந்தில் நான்கு வாய்களை ஒரே வாயில் கட்டி மேய்த்தவள் வகுப்பில் ஒரு வாயைச் சமாளிக்க முடியாமல் போவது ஏன்? இதுவே ஆய்வுச் சிக்கல்.

ஆய்வுக் களத்தைத் தேர்ந்ததற்கு நியாயம் சொல்வது மரபு. 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயமும், சங்கரா கலை அறிவியல் கல்லூரியும் இருக்கும் ஊர் ஏனாத்தூர். ஒரு பக்கம் தறியும் கோயிலும், மறுபக்கம் செமஸ்டரும் அரியரும். ஆங்கில இலக்கணம் தமிழ் நாக்கோடு தினமும் மல்லுக்கட்டும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊரைத் தேடி அலைய இக்கட்டுரையாளருக்கு நிதியுதவி கிடைக்கவில்லை.

முதலில் மூல நூல். நம் ஊரில் அயற்கூற்று என்றாலே ரென் அண்ட் மார்ட்டின்தான். 1930களில் வந்த அந்த இலக்கணப் புத்தகத்தை எழுதிய இருவரில் பி.சி. ரென், பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்று பிரெஞ்சு வெளிநாட்டுப் படையைப் பற்றிப் பரபரப்பான நாவல் எழுதிப் புகழ்பெற்றவரும் அவரேதான். பாலைவனக் கோட்டையில் துப்பாக்கிச் சண்டை எழுதிய அதே கை, ‘நௌ’ என்பது ‘தென்’ ஆகும், ‘ஹியர்’ என்பது ‘தேர்’ ஆகும், ‘டுமாரோ’ என்பது ‘த நெக்ஸ்ட் டே’ ஆகும் என்கிற விதிகளையும் எழுதியது. நாவலை இன்று ஏனாத்தூரில் யாரும் தேடுவதாகத் தெரியவில்லை. விதிகளை மாத்திரம் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்.

அந்தப் பயிற்சி வாக்கியங்களில் வாழ்பவர்கள் வேறோர் உலகத்தவர். ‘அலாஸ்!’ என்று துக்கப்படுகிறார்கள்; ‘ஹுர்ரே!’ என்று குதிக்கிறார்கள். மாணவர் உடனே ‘எக்ஸ்க்ளெய்ம்டு வித் சாரோ’ என்றும் ‘எக்ஸ்க்ளெய்ம்டு வித் ஜாய்’ என்றும் மாற்ற வேண்டும். காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் தறியில் பாவு அறுந்தால் யாரும் ‘அலாஸ்’ என்று சொன்னதாகப் பதிவு இல்லை. அங்கே சொல்லப்படுவதை அயற்கூற்றாக மாற்றலாம், ஆனால் அச்சிட முடியாது.

பிரிட்டிஷ் வாழ்க்கையின் மற்ற பகுதிகளும் பயிற்சிக்கு வருகின்றன: மழை, வரிசையில் நிற்றல், தேநீர். இதில் தேநீரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘வுட் யூ லைக் எ கப் ஆஃப் டீ?’ என்ற கேள்வியை அயற்கூற்றாக்கும்போது எல்லாம் மாறினாலும் ‘வுட்’ மாறாது. ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகும், ‘கேன்’ என்பது ‘குட்’ ஆகும். ஏற்கெனவே ‘வுட்’டாகவும் ‘குட்’டாகவும் இருப்பதை அதற்கு மேல் பின்னுக்குத் தள்ள இடமில்லை. ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்…’ என்று ஒரு ஆங்கிலேயர் உதவி கேட்கும்போது அவர் நிற்பது நிகழ்காலத்தில், உங்கள் எதிரில். அவருடைய வினைச்சொல் மட்டும் இறந்தகாலத்தில் போய் ஒதுங்கி நிற்கிறது. மரியாதை என்றால் அவருக்குத் தூரம். தூரம் என்றால் இறந்தகாலம். தன் பேச்சையே யாரோ பேசியது போல ஒப்பிக்கும் மக்களிடமிருந்து வந்த இலக்கணம் இது.

தமிழனும் மரியாதைக்குத் தூரம் காட்டுவான். ஆனால் காலத்தைத் தொடமாட்டான், ஆளைத்தான் பன்மையாக்குவான். பட்டுக் கடை முதலாளி உள்ளேயிருந்து பையனிடம், “அந்த ஆளை வந்து கூலிய வாங்கிட்டுப் போகச் சொல்லு” என்கிறார். பையன் திண்ணைக்கு வந்து நெசவாளரிடம், “அண்ணே, முதலாளி உங்கள வந்து கூலி வாங்கிக்கச் சொன்னாரு” என்கிறான். ‘அந்த ஆள்’ பத்தடி தூரத்துக்குள் ‘உங்கள’ ஆகிவிட்டார். இந்த மாற்றத்துக்கு ரென் அண்ட் மார்ட்டினில் விதி கிடையாது. பையன் எந்தக் கல்லூரியிலும் படித்ததும் இல்லை. இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்யாத பையன் கடையில் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

இனி ‘-ன்னு’. தொல்காப்பியம் ‘என’ என்ற இடைச்சொல்லுக்கு வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடம் சொல்லி, ‘என்று’ என்பதும் அதே இனம் என்று சேர்த்தது. பவணந்தியாரும் நன்னூலில் அதையே வழிமொழிந்தார். ஈராயிரம் ஆண்டாகத் தேய்ந்து தேய்ந்து அது பேச்சில் ‘-ன்னு’ ஆகிவிட்டது. அதன் வேலை எளிது: அடுத்தவர் பேச்சை வந்தபடியே வைத்து, நம் பேச்சோடு ஒட்டுவது.

காஞ்சிபுரம் நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட உதவிக்கு ஒரு ஆளும் வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும், கலந்துவிடாது. சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமை பேசுவார்கள். தமிழ்ப் பேச்சு கோர்வை: சொன்னவரின் பச்சை அப்படியே பச்சையாக இருக்கும், சொல்பவரின் அரக்கு அரக்காக இருக்கும், ‘-ன்னு’ இரண்டையும் கோக்கும். ஆங்கில அயற்கூற்றோ முழுச் சேலையையும் சொல்பவரின் சாயத் தொட்டியில் முக்கி எடுப்பது. சொன்னவரின் ‘நான்’ போய்விடும், ‘இன்று’ போய்விடும், ‘இங்கே’யும் போய்விடும்.

‘ஹி டோல்டு தட் ஐ வில் கம்’ என்று எழுதிய மாணவி செய்தது பிழைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பிழை கோர்வை நெசவின் பிழை.

தமிழின் பக்கம் ஒரு விசித்திரமும் உண்டு. “தான் ஜெயிச்சுட்டேன்னு குமார் சொன்னான்.” காதுக்கு ஒன்றும் உறுத்தாது. ஆனால் ‘தான்’ படர்க்கை, ‘ஜெயிச்சுட்டேன்’ தன்மை. எழுவாயை மாற்றிவிட்டு வினைமுற்றை மாற்றாமல் பாதி வழியில் இறங்கிக்கொண்ட வாக்கியம் இது. மொழியியலாளர்கள் இதை எடுத்துவைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கனமான கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். “தான் யாருக்கும் பயப்பட மாட்டேன் என்று அவர் தெரிவித்தார்” என்று நாளிதழ்களில் வருவதும் இதே இனம். பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணம் ‘தாம் யாருக்கும் பயப்படப்போவதில்லை எனத் தெரிவித்தார்’ என்று திருத்தும். திருத்தியதும் பேசியவரின் பயமின்மையும் கொஞ்சம் குறைந்துவிடுவது இக்கட்டுரையாளரின் அவதானிப்பு.

அயற்கூற்று ஆங்கிலேயருக்கே எளிதாக வந்துவிடவில்லை. 1738இல் பிரிட்டிஷ் மக்களவை, தன் விவாதங்களை வெளியிடுவது உரிமை மீறல் என்று தீர்மானம் போட்டது. ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ என்ற இதழ் அதற்கு வழி கண்டுபிடித்தது: பாராளுமன்றம் என்று எழுதாமல், ஸ்விஃப்டின் கலிவர் கதையில் வரும் குள்ளர் நாட்டு ‘லில்லிபுட் செனட்’டின் விவாதம் என்று போட்டது. 1740களின் தொடக்கத்தில் அதை எழுதிக் கொடுத்தவர் சாமுவேல் ஜான்சன், பிற்பாடு அகராதி தொகுத்த அதே ஜான்சன். அவைக்குப் போய்க் கேட்காமல், யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்ற துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு முழுப் பேச்சுகளையும் அவரே எழுதினார். பல ஆண்டு கழித்து ஒரு விருந்தில், மக்களவையில் பிட் என்பவர் பேசியதாக வந்த ஒரு பேச்சை எல்லோரும் புகழ்ந்தபோது, அதை எக்ஸிடர் தெருவில் ஒரு மாடியறையில் தாமே எழுதியதாக ஜான்சன் சொன்னாராம். சொல்லப்படாததை நேர்கூற்றாக எழுதியவர், அதை ஒப்புக்கொண்ட சேதி நமக்கு அயற்கூற்றாக வந்து சேர்கிறது.

பிறகு ஹான்சார்ட் என்ற அச்சகத்தாரின் பெயரில் விவாதப் பதிவுகள் வந்தன. அவையும் நெடுங்காலம் செய்தித்தாள்களிலிருந்து தொகுக்கப்பட்டவை. பெரும்பாலும் ‘மாண்புமிகு உறுப்பினர் தாம் கருதுவதாகக் கூறினார்’ என்ற படர்க்கை நடை. 1909இல்தான் மக்களவை தன் சொந்த நிருபர்களை வைத்து உறுப்பினர்களின் பேச்சைத் தன்மையிலேயே பதிய ஆரம்பித்தது. அதே 1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் சி.என். அண்ணாதுரை பிறந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று இக்கட்டுரை வாதிடவில்லை. வாதிட ஆசையாக இருக்கிறது, அவ்வளவே.

ஏனென்றால் காஞ்சியின் ஆங்கிலப் புலமைக்கு ஊர் காட்டும் முதல் சான்று அண்ணாவின் ‘பிகாஸ்’ கதை. முதலமைச்சராக இருந்தபோது 1968இல் அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு சப் ஃபெலோஷிப்பில் போனது வரலாறு. அங்கே ‘பிகாஸ்’ என்ற சொல் அடுத்தடுத்து மூன்று முறை வருமாறு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்களாம், இவர் யோசிக்காமல் சொன்னாராம், கைதட்டல் அடங்கவே இல்லையாம். கதை முழுவதும் ‘ஆம்’ மேல்தான் நிற்கிறது. பத்திரமாகவும் நிற்கிறது.

இந்த ‘-ஆம்’தான் தமிழ் அயற்கூற்றின் கிரீடம். ஒரே அசை. அதைச் சேர்த்தால் சொன்னவர் பெயர் வேண்டாம், தேதி வேண்டாம், பொறுப்பும் வேண்டாம். வரதராஜப் பெருமாள் கருட சேவையில் சாத்திக்கொள்ளும் மகரகண்டியை ராபர்ட் கிளைவ் கொடுத்தாராம். 1790களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த பிளேஸ் துரையும் பெருமாளுக்கு நகை கொடுத்தாராம். காஞ்சிபுரத்துக்கும் பிரிட்டிஷ் வாழ்க்கைக்கும் இருந்த உறவில் ஊர் விரும்பி நினைவில் வைத்திருக்கும் பகுதி, இப்படி ‘ஆம்’ போட்ட பகுதிதான். எழுத்துத் தமிழில் இதே அசை சட்டையை மாட்டிக்கொண்டு ‘கூறப்படுகிறது’ என்று வரும். ‘என்ப’, ‘என்மனார்’ என்று தொல்காப்பியர் ஆங்காங்கே முடிப்பதையும் இக்குடும்பத்தின் பாட்டனாராகக் கொள்ள இக்கட்டுரையாளருக்கு ஆட்சேபம் இல்லை.

‘ஆம்’ செல்லாத இடம் ஒன்று உண்டு: கோர்ட். ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது. கண்டதைக் கண்டவரே, கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். ஒரு அசையில் ஊர் முழுக்கச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்த மக்களுக்கு இது பெரிய தடை. 2024 ஜூலை 1 முதல் சட்டத்தின் பெயர் மாறியது; விதி மாறவில்லை. விலக்குகளில் ஒன்று மரண வாக்குமூலம். அதையும் கூடியவரை இறப்பவரின் சொந்த வார்த்தைகளிலேயே பதியச் சொல்கிறார்கள். அவ்விடத்தில் ஆங்கிலச் சட்டமும் கடைசியில் ‘-ன்னு’விடம் வந்து நிற்கிறது.

லண்டன் பாதாள ரயிலிலும் இப்படி ஒன்று நடந்தது. நடைமேடைக்கும் ரயிலுக்கும் இடையே ‘மைண்ட் த கேப்’ என்று எச்சரிக்கும் குரல்களில் ஒன்று ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகருடையது. அவர் 2007இல் இறந்தபின், அவருடைய மனைவி எம்பாங்க்மென்ட் நிலையத்துக்குப் போய் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வருவார். 2012இல் புதிய ஒலிபெருக்கி அமைப்பு வந்து குரல் மாறிவிட்டது. அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க 2013இல் நிர்வாகம் பழைய குரலை அந்த ஒரு நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தது. ஏவல் வாக்கியத்தை ‘டு’ சேர்த்து, ‘இடைவெளியைக் கவனிக்குமாறு அவர் பயணிகளைக் கேட்டுக்கொண்டார்’ என்று மாற்றினால் முழு மதிப்பெண் உண்டு. அந்த அம்மா கேட்க வந்தது அதை இல்லை.

முடிப்பதற்கு முன் காலம் பற்றிய ஒரு சிக்கல் பாக்கி. நிலையான உண்மையை மாற்ற வேண்டாம் என்பது ஆங்கில விதி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் என்றைக்குச் சொல்லியிருந்தாலும் பூமி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அத்திவரதர் எந்த வகை? 40 ஆண்டுக்கு ஒருமுறை வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருள்பவர். 1979இல் வந்தார், 2019 ஜூலை 1 முதல் 48 நாள் விழா கண்டு ஆகஸ்ட் 17 அன்று மறுபடி குளத்துக்குள் போனார். நிலையான உண்மையா, எதிர்காலமா? ஆங்கில ஆசிரியர்களிடையே கருத்தொற்றுமை ஏற்படாது என்று அஞ்சி, இக்கட்டுரையாளர் இதை வாசகர்களிடமே விடுகிறார்.

பயிற்சி: 1979இல் குளக்கரையில் நின்ற ஒரு பாட்டி பேத்தியிடம், “அடுத்த வாட்டி பெருமாள் வருவாரு, நான் இருக்கமாட்டேன், நீ எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா” என்கிறார். பேத்தி 2019இல் வரிசையில் நின்றபடி இதைத் தன் மகளிடம் சொல்கிறாள். முதலில் ஆங்கில அயற்கூற்றாக மாற்றுக. பிறகு ‘-ன்னு’ போட்டுச் சொல்லிப் பார்க்க. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். விடைத்தாள்கள் 2059இல் திருத்தப்படும்.