கம்பம் பஸ்ஸுக்கு அல்ல இந்த டிரைவர்

“பஸ் டிரைவர் கோடு எழுதுறேன்” என்கிறான் மகன். டிரைவர் வேலைக்கு எதற்கு நாலு வருஷம் இன்ஜினீயரிங்?
*— திராட்சை விவசாயி, அனுமந்தன்பட்டி*

பயப்படாதீர்கள். உத்தமபாளையம் – கம்பம் ரூட்டில் அவர் ஹாரன் அடிக்கப்போவதில்லை. பிராசஸருக்கும் சென்சார், மெமரி கார்டு வகையறாக்களுக்கும் நடுவே ஓடும் கம்பித் தடத்துக்குப் பெயர் பஸ். அதில் போய்வரத் தெரிந்த புரோகிராம் டிரைவர். லைசென்ஸ் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

திராட்சைப் பந்தலில் ஈரப்பத சென்சார் மாட்டி, ஏ.ஆர்.எம். பிராசஸர் போர்டில் ஓட்டுகிறோம். சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ பிராசஸருக்கு மாறினால் டிரைவரை முதலிலிருந்து எழுதணுமா?
*— இறுதியாண்டு மாணவி, உத்தமபாளையம்*

லினக்ஸில் ஓட்டுகிறீர்கள் என்றால் வேண்டாம். சென்சார் டிரைவரை மறுபடி கம்பைல் செய்தால் போதும். இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் செய்துவந்த சக்தி சிப்பில் 2018-லேயே லினக்ஸ் ஓடியாயிற்று. உங்கள் சென்சார் ‘ஐ ஸ்கொயர் சி’ ரகம் என்று வைத்துக்கொள்வோம். பிலிப்ஸ் 1982-ல் கொண்டுவந்த இரட்டைக் கம்பி: ஒன்றில் தாளம், மற்றதில் பாட்டு. சென்சார் டிரைவர், “இந்த முகவரியில் இரண்டு பைட் வாங்கி வா” என்று மட்டும் சொல்லும். கம்பியை ஆட்டுவது கன்ட்ரோலர் டிரைவர். சிப்புக்குச் சிப்பு மாறுவது அதுதான்.

அதுவும் எப்போதும் மாறுவதில்லை. சினாப்சிஸ் கம்பெனி விற்கும் ஐ ஸ்கொயர் சி கன்ட்ரோலர் இன்டெல் சிப்பிலும் உண்டு, ஏ.ஆர்.எம். சிப்பிலும் உண்டு. லினக்ஸில் அதற்குச் சமையற்கட்டு ஒன்று, வாசல் இரண்டு: பி.சி.ஐ. வழியாக வந்தால் ஒன்று, போர்டிலேயே பதிந்திருந்தால் இன்னொன்று.

எந்த முகவரியில் எந்தச் சாதனம் என்று லினக்ஸுக்கு யார் சொல்வது?
*— கிராம உதவியாளர், சின்னமனூர்*

நீங்கள் கேட்கலாமா? எந்த சர்வே நம்பரில் என்ன பயிர் என்று அடங்கல் சொல்கிறதே, லினக்ஸில் அதற்கு ‘டிவைஸ் ட்ரீ’ என்று பெயர். பவர்பிசி பிராசஸர் பக்கம் முன்பே இருந்த வழக்கம். ஏ.ஆர்.எம். பக்கம் போர்டுக்கு ஒரு சி ஃபைல் என்று குவித்துவைத்து, 2011-ல் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் கத்தித் தீர்த்த பிறகுதான் அங்கேயும் அடங்கல் எழுத உட்கார்ந்தார்கள்.

பிக் எண்டியன், லிட்டில் எண்டியன்?
*— போடி வாசகர்*

எண்ணை எந்த முனையிலிருந்து அடுக்குவது என்ற சண்டை. 32 பிட்டில் நீங்கள் எழுதிய 1, எதிர்முனையிலிருந்து வாசிக்கப்பட்டால் 1,67,77,216. சாதனத்திலிருந்து வாசிக்கும் லினக்ஸின் ‘ரீட்எல்’ தானாகத் திருப்பிக் கொடுத்துவிடும். சாதனம் படிப்பதற்காக மெமரியில் நீங்களே எழுதிவைக்கிற குறிப்பை (டிஸ்கிரிப்டர்) மட்டும்தான் நீங்களே திருப்ப வேண்டும். எல்லா எண்ணும் விகடகவியாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

என் டிரைவர் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. ஏ.ஆர்.எம். போர்டில் எப்போதாவது சொதப்புகிறது. போர்டு கோளாறா?
*— கம்பம் வாசகர்*

நானும் அப்படித்தான் கேபிளை மாற்றி, போர்டை மாற்றி, பவர் சப்ளையைத் திட்டி ஒரு வாரத்தைத் தொலைத்தேன். சந்தேகத்தைப் பிராசஸர் மேல் திருப்புங்கள். மெமரியில் டேட்டா எழுதுவது இலை, “வந்து எடுத்துக்கொள்” என்று சாதனத்துக்குச் சொல்வது மணி. முதலில் இலை போட வேண்டும், பிறகு பந்திக்கு மணி அடிக்க வேண்டும். இன்டெல் வகையறா நீங்கள் எழுதியதை அந்த வரிசையிலேயே வெளியே காட்டும். ஏ.ஆர்.எம்., ரிஸ்க்-ஃபைவ் (சக்தி இந்த ரகம்) இரண்டும் நடுவே தடுப்புக் கட்டளை இல்லாவிட்டால் மணியை முதலில் அடித்துவிடலாம். சாதனம் ஓடிவந்து உட்கார்ந்தால் இலை இல்லை! சாதனத்துக்கு எழுதும் லினக்ஸின் ‘ரைட்எல்’ இந்த வரிசையைக் காக்கும். வேகத்துக்கு ஆசைப்பட்டு ‘ரிலாக்ஸ்டு’ ரகத்தைப் போட்டிருந்தால் தடுப்பை நீங்கள்தான் வைக்கணும்.

டிரைவருக்குள் ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு ‘இஃப்டெஃப்’ நிபந்தனை போட்டால் தீர்ந்ததே?
*— அதே கம்பம் வாசகர்*

ஒன்று போட்டால் பொறுக்கலாம். ஒன்பது போட்டால் ஒரே சீட்டில் ஒன்பது டிரைவர். ஸ்டியரிங் யார் கையில்?

மகனுக்குப் பெண் பார்க்கிறோம். மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டால்?
*— மறுபடியும் அனுமந்தன்பட்டி விவசாயி*

“டிரைவர் எழுதுகிறார்” என்று சொல்லுங்கள். “ஆர்.டி.ஓ. ஆபீஸிலா?” என்று கேட்டால் மட்டும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.