எண்ணெய்ப் படலம்: மயிலாப்பூர்ப் பாடபேதங்களுடன்

மின்வெட்டைப் பற்றித் தமிழில் எழுதிக் குவித்தாகிவிட்டது. அப்போது அபார்ட்மென்ட் வாசலில் உறுமும் சின்ன ஜெனரேட்டருக்குள் எண்ணெய் போகும் முறை குறித்து மட்டும் புலவர் பெருமக்கள் வாய் திறந்ததில்லை. 2012 பிப்ரவரிக் கடைசியில் சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர மின்வெட்டு வந்து, தி. நகர் நடைபாதைகளில் ஜெனரேட்டர்கள் வரிசையாக உட்கார்ந்து புகைவிட்டபோதே இந்தத் துறை பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. ஆகவே இக்கட்டுரை.

எண்ணெய் மூவகைப்படும். பெட்ரோல் வல்லினம், டீசல் மெல்லினம், மண்ணெண்ணெய் இடையினம். மூன்றாவதற்குச் சான்று உண்டு: ஒருகாலத்தில் கடைகளில் இருந்த சிறு ஜெனரேட்டர்கள் பல, பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் குழாயைத் திருப்பினால் மண்ணெண்ணெயில் ஓடின. பிறந்த வீடு பெட்ரோல், புகுந்த வீடு மண்ணெண்ணெய். எந்த எஞ்சினுக்கு எது என்று கையேட்டில் போட்டிருக்கும். மாற்றி ஊற்றினால் சந்திப்பிழை. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினின் பெட்ரோலில் டூ-டி ஆயில் கலப்பதோ பழைய ஸ்கூட்டரின் மேல் உள்ள தீராத பாசம். இதற்கு ஆயில் ஊற்றத் தனி வாய் இருக்கிறது.

பெட்ரோலை ஏன் வல்லினம் என்றேன்? அதன் ஆவி மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே பற்றிக்கொள்ளத் தயாராகிவிடுகிறது. மார்கழி விடியலில் மப்ளர் சுற்றிக்கொண்டு மாடவீதி பஜனைக்குப் போகிறவர்கள் நடுங்குவது 20 டிகிரிக்கு. பெட்ரோலுக்கு அது கத்திரி வெயில். அந்த ஆவி காற்றைவிடக் கனம்; மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, கார் ஷெட் மூலையில் எரியும் காமாட்சி விளக்கைத் தானே தேடிப் போகும்.

இன்னொரு சங்கதி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழைக்கென்று பங்குனியிலேயே வாங்கிப் பதுக்கிய முன்ஜாக்கிரதைக்காரரின் ஜெனரேட்டர்தான் ஐப்பசியில் முதலில் படுத்துக்கொள்கிறது.

எதில் வாங்கி வைப்பது என்ற கேள்வியில்தான் ஆய்வாளன் மெய்சிலிர்க்கிறான். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு என்றால் 30 லிட்டர் வரை பெட்ரோலுக்கு உரிமம் வேண்டாம் என்கிறது அதன் 8ஆம் பிரிவு. கலம் இறுக மூடியிருக்க வேண்டும். உலோகக் கலம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கொள்ளக் கூடாது. கண்ணாடியும் கல்ஜாடியும் என்றால் ஒரு லிட்டர். ஆம், கல்ஜாடி! ஆவக்காய் ஊறும் அதே ஜாதி. மயிலாப்பூர்ச் சமையலறைப் பரணைச் சட்டம் மதித்த இடம் இது ஒன்றுதான். அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இல்லை; ஆனால் சென்னை நம்புவதோ காலித் தண்ணீர் பாட்டிலை. அதற்காக யாரும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பங்குக்குப் போய்விட வேண்டாம்; உடையும். நல்ல மூடியுள்ள இரும்புக் கேனே உத்தமம். அதையும் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்து ரப்பர் விரிப்பில் வைத்தபடியே நிரப்பக் கூடாது. தரையில் இறக்கி வைத்தால்தான் நிலைமின்சாரம் மண்ணுக்குப் போகும்.

எதுவரை ஊற்றுவது? இங்கே உரையாசிரியர்கள் இரண்டு கட்சி. விளிம்பில் வழிவதே நிறைவு என்போர் பூரணவாதிகள். கழுத்துக்குக் கீழே நிறுத்துவோர் கழுத்துவாதிகள். வழக்கைக் கணக்கு தீர்த்துவைக்கிறது. ஒரு டிகிரி சூட்டுக்குப் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு வாக்கில் விரியும். 4 லிட்டர் டேங்க் 30 டிகிரி சூடேறினால் கூடுவது ஏறத்தாழ 120 மில்லி. அதாவது ஒரு டம்ளர் காபி, கொதிக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில்.

எப்போது என்பதற்கு எல்லாக் கையேடுகளும் ஒரே பாடம்: அணைத்து, ஆறவிட்டு, ஊற்று. இதில் பாடபேதமே இல்லை. கடைப்பிடிப்பவர்தான் இல்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மந்தைவெளியில் எங்கள் தெருவில் மரங்கள் குறுக்கே விழுந்து கரண்ட் போய் மூன்றாவது இரவு. எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஒரு கையில் கேன், மறுகையில் மெழுகுவர்த்தியோடு, ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரை நெருங்கினார்.

“சார், முதல்ல மெழுகுவர்த்தியை அணைங்க. அப்புறம் ஜெனரேட்டரை.”

“அதை அணைச்சா மறுபடி யாருப்பா கயிறு இழுக்கறது? போன தடவை பதினெட்டு இழு இழுத்தேன். தோள்பட்டை கழண்டுபோச்சு.”

இதுதான் உண்மைக் காரணம். ஊர் முழுக்க ஓடும் எஞ்சினில் எண்ணெய் ஊற்றுவது அறியாமையால் அல்ல; கயிற்றுக்குப் பயந்து. கயிறு நான் இழுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அணைத்தார். மழைக்குப் பயந்து அதைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். வாசமில்லாத கார்பன் மோனாக்சைடு மாடி முழுக்க ஏறுமே என்று சொல்லி அப்படியே வெளியே இழுத்தோம்.

“எவ்வளவு நேரம் ஆறணும்?”

“பதினைஞ்சு நிமிஷமாவது.”

இருட்டில் அவர் கடிகாரம் தெரியவில்லை. மாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “ஃபில்டர்ல பொடி போட்டு வெந்நீர் விட்டுட்டேன். டிகாக்‌ஷன் இறங்கினா சொல்றேன், அப்ப ஊத்துங்கோ.”

இத்துறைக்கு இதைவிடச் சரியான கால அலகு இல்லை என்பது என் துணிபு. டிகாக்‌ஷன் இறங்கியது. டார்ச் வெளிச்சத்தில், புனல் வைத்து, கழுத்துக்குக் கீழே நிறுத்தி ஊற்றினார். சிந்தியதைத் துடைத்தார். ஏழாவது இழுப்பில் எஞ்சின் கிளம்பியது.

பால்தான் அன்றும் வரவில்லை.