விளக்கடியில் ஒரு கணக்கு

கே: தோட்டத்தில் அந்துப்பூச்சிக்கு விளக்குப்பொறி வைக்க என்னென்ன வேண்டும்?

ப: வாளி, அதன் வாயில் புனல், மேலே விளக்கு, உள்ளே நாலைந்து முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சி புனலில் சறுக்கி உள்ளே போய், அட்டைக் குழிகளில் ஒண்டிக்கொள்ளும். புற ஊதா பல்பு என்றால் கூட்டம் அதிகம்.

கே: விளக்கின் மேல் அவற்றுக்கு அப்படி என்ன காதல்?

ப: காதல் இல்லை, குழப்பம். இரவில் பறக்கும் பூச்சிக்கு வெளிச்சமான பக்கம்தான் வானம். முதுகை அங்கே காட்டியே பறக்கும். பக்கத்தில் பல்பு எரிந்தால் அதற்கு முதுகைச் சாய்த்து, சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கிறது. அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2024இல் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஆசையால் அழிவதற்கு விட்டிலை உவமை சொல்கிறோம். பாவம், அது வானத்தைத் தேடிய பூச்சி.

கே: காலையில் முதல் வேலை?

ப: கரிச்சானை முந்துவது! பொறியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பூச்சிகள் அதற்குப் பந்தி. விடியும் முன்பே எழுந்து, அட்டைகளை மெல்லத் திருப்புங்கள். போன வாரம் கடைசிக் குழியில் எனக்கு ஓர் அரளி அந்து கிடைத்தது. இலைப் பச்சையில் இளஞ்சிவப்பைக் குழைத்த இறக்கை. உடனே பறக்கவில்லை, உடம்பு சூடேறும்வரை இறக்கையை நடுக்கிக்கொண்டே இருந்து, பிறகு விர்ரென்று கிளம்பியது.

கே: பெயர் தெரியாவிட்டால்?

ப: பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படமெடுங்கள். "பழுப்பு, முன்னிறக்கையில் இரண்டு வெள்ளைப் புள்ளி" என்று எழுதிவையுங்கள். பெயர் பின்னால் வரும். நிபுணரும் ஒரு நாள் புதியவர்தான். நீலகிரிக்குத் தேயிலை பயிரிட வந்த ஹாம்ப்சனுக்கு அங்கேதான் அந்துப்பூச்சி ஆர்வம் பிறந்தது. 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார்.

கே: பௌர்ணமியன்று ஒன்றும் விழவில்லை. எதை எழுத?

ப: 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். நிலா வெளிச்சத்தில் பொறி விளக்கு எடுபடாது. தேதி, நிலா, மழை, காற்று எல்லாம் குறியுங்கள். விளக்கையும் இடத்தையும் மாற்றாதீர்கள். வந்ததை மட்டும் எழுதினால் ஆல்பம். வராததையும் எழுதினால்தான் கணக்கு. பிரிட்டனில் 1968 முதல் இரவுதோறும் பொறிகளில் எண்ணி வந்ததால்தான், 50 ஆண்டுகளில் பெரிய அந்துப்பூச்சிகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது தெரிந்தது.

கே: எழுதி முடித்தபின்?

ப: இலை அடர்ந்த செடிக்குள், நிழலில், உயிரோடு விடுங்கள். மறுநாள் இரவு பொறி வேண்டாம். பொறியில் விழுந்தது அட்லஸ் அந்து என்றால், அதற்கு இரை தின்ன வாய் கிடையாது. இறக்கை முளைத்தபின் ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆயுள். அதில் ஓர் இரவை உங்கள் வாளியில் கழித்திருக்கிறது. அந்தக் கடனுக்கு, அதைப் பற்றிய ஒரு வரியையாவது பிழையில்லாமல் எழுதுங்கள்.