அழியும் கோட்டின் இலக்கணம்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஒரு துணிக்குறியியல் ஆய்வு

சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் துன்னகாரர்களைக் குறிப்பிடுகிறது. அதாவது, தையற்காரர்கள். அவர்கள் துணியை வெட்டுமுன் எதைக் கொண்டு கோடு போட்டார்கள், கரித்துண்டா, காவிக்கட்டியா, சலவைக்குப் பின் அந்தக் கோடு போயிற்றா என்பது பற்றி இளங்கோவடிகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாழின் நரம்புக்கும் ஆடரங்கின் அளவுக்கும் அவ்வளவு இடம் ஒதுக்கியவர் இதற்கு ஓர் அடியாவது கொடுத்திருக்கலாம். அந்த மௌனத்தின் விளைவை நாம் ஒவ்வொரு தீபாவளிக்கும் அனுபவிக்கிறோம்: புது ஜாக்கெட்டில், டாட் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே ஒரு நீலக் கோடு.

இக்குறையைப் போக்கவே இவ்வாய்வு. களமாகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைத் தேர்ந்ததற்கு மறுக்க முடியாத காரணங்கள் உண்டு. முதலாவது நிர்வாகக் காரணம். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதன் நடுவே கோடு கிழித்து அரியலூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 2002-இல் கோட்டை அழித்தார்கள். 2007-இல் மறுபடி போட்டார்கள். போட்ட கோடு அழிவதையும், அழிந்த கோடு திரும்பி வருவதையும் ஏழே ஆண்டுக்குள் கண்ட மக்களிடம் அழியும் குறிகளைப் பற்றிக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

இரண்டாவது காரணம் காலடியில் கிடக்கிறது. 1862-இல் எச்.எஃப். பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியின் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். மூன்றும் கடல் விட்டுப்போன படிவுகள். இளையதான அரியலூர்த் தொகுதிக்கே ஏறத்தாழ 7 கோடி வயது. கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் சிப்பிகள் மூட்டையைக் கொட்டியதுபோல் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. காரை கிராமத்து மேடுபள்ளங்களில் ஜிப்சம் தகடு தகடாக வெயிலில் மின்னுகிறது. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெரும்பாலும் இந்த ஜிப்சம் இனம்தான். இத்தனை வெள்ளைச் சரக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு அரியலூர் டெய்லர் தன் சாக்கை அட்டைப்பெட்டியில் காசு கொடுத்து வாங்குகிறார். சுண்ணாம்புக்கல் மொத்தமும் சிமெண்ட் ஆலைக்குப் போய்விடுகிறது. இந்த அநியாயத்தைப் பொருளாதார அறிஞர்கள் கவனிக்கட்டும்.

துணிமேல் ஏறும் குறி இரு வகைப்படும்: போகும் குறி, போகாக் குறி. போகாக் குறியின் அரசன் சேங்கொட்டை. சலவைத் தொழிலாளர்கள் வீட்டுக்கு வீடு துணியை அடையாளம் காண இதன் சாற்றால்தான் குறி போட்டார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் கறுத்து நின்றுவிடும், துணி கிழிந்தாலும் குறி கிழியாது. சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம் என்று தாவரவியல் சொல்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து அம்மாக்களுக்கு அதைத் தாவரவியல் வந்து சொல்ல வேண்டியதில்லை. முந்திரிப்பழச் சாறு வழிந்த வெள்ளைச் சட்டையைச் சோப்பு காட்டிப் பார்க்கிற மெனக்கெடல்கூட இல்லாமல் கொல்லை வேலைக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். போகாக் குறி பற்றி இவ்வளவு போதும். பால்பாயிண்ட் பேனாவும் இந்த வகைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு துணிக்கு அருகே வருபவரை ஆய்வுலகம் மன்னிக்காது.

இனி போகும் குறி. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிய எந்தச் சந்திலும் அதன் தலையாய வடிவத்தைப் பார்க்கலாம். கழுத்தில் இன்ச் டேப், மேசையில் லைனிங் துணி, அதன்மேல் அளவு ஜாக்கெட். மாஸ்டர் கையில் முக்கோணச் சாக்கு. கோடு போடுமுன் அரை பிளேடால் அதன் விளிம்பை இரண்டு இழுப்பு இழுக்கிறார், மாவு உதிர்கிறது, ஊதுகிறார், பிறகுதான் துணியில் கை வைக்கிறார். இதைச் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. மழுங்கிய சாக்கு 2 மில்லிமீட்டர் பருமனுக்குக் கோடு போடும் என்று வையுங்கள். நான்கு தையல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரம், கோட்டுக்கு வெளியே வெட்டினால் ஒரு கணக்கு, உள்ளே வெட்டினால் ஒரு கணக்கு. மொத்த வித்தியாசம் 16 மில்லிமீட்டர், அரை அங்குலத்துக்கும் மேல். “நீங்க கொஞ்சம் ஊதிட்டீங்கம்மா” என்று மாஸ்டரும், “உங்க கைதான் தப்பு மாஸ்டர்” என்று வாடிக்கையாளரும் வாதாடும் வழக்குகள் சிலவற்றில் உண்மைக் குற்றவாளி மேசை ஓரத்தில் மழுங்கிக் கிடக்கிறான்.

வெள்ளைச் சாக்கு நல்லது; தட்டினால் போகும், மிச்சம் தண்ணீரில் போகும். சிவப்பும் நீலமும் வெளிர்த் துணியில் சாயத்தை விட்டுப்போகக்கூடியவை. மெழுகு கலந்த சாக்கு என்று ஒன்று உண்டு. வழுக்கிக்கொண்டு அழகாகக் கோடு போடும். பட்டின் மேல் அதைப் போட்டு ஐயர்ன் பாக்ஸ் வைத்தால், கோடு போய்விடும், எண்ணெய்ப் பொட்டு வந்துவிடும். வாடிக்கையாளர் அதைத் தாளித்த கறை என்று எண்ணிக்கொள்வார். சமையலறைமேல் வீண்பழி.

சாக்குக்கு அடுத்தது சோப்புச் சில்லு. குளித்துக் குளித்துத் தேய்ந்து, வழவழப்பு போய், காய்ந்து மெலிந்த வெள்ளைச் சோப்பின் கடைசிப் பருவம். கறுப்பு, கருநீலம், அரக்குத் துணிக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை, செலவும் இல்லை. கிரீம், எண்ணெய் சேர்த்த சோப்பு கூடாது, கலர் சோப்பு கூடாது. இங்கே உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை ஆய்வு முதன்முறையாக முன்வைக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வரும் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்தால் கரையாத வெண்படலமாகிறது. வாளியின் உள்விளிம்பில் வட்டம் கட்டுகிறதே, அதேதான். கறுப்பு ஜாக்கெட்டில் சோப்புக் கோட்டை உப்புத் தண்ணீரில் அலசினால், கோடு போய் அதன் ஆவி நிற்கும். ஆகவே முதல் அலசல் கொள்ளிடக் குடிநீரிலோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ நடக்கட்டும். ஒரு குவளை போதும். குடத்துக்குக் காத்திருந்த தண்ணீரைத் துணிக்குச் செலவழிப்பதா என்று வீட்டில் கேட்டால் இக்கட்டுரையைக் காட்டலாம்.

அடுத்த பகுதிதான் இத்துறையின் இருதயம். ஆரி வேலை கற்றுத்தரும் வகுப்புகள் இப்போது தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. அங்கே கேட்கக்கூடிய உரையாடல் இது:

“அக்கா, இந்தப் பேனா அழியுமாக்கா?”

“அழியும்டி. ஐயர்ன் பாக்ஸ் வெச்சா போயிடும்.”

“தண்ணி பட்டா?”

“அது வேற பேனா.”

இந்தக் கடைசி வரிக்கு ஒரு முனைவர் பட்டம் தரலாம். மறையும் பேனா என்ற ஒரே பெயரில் மேசைமேல் கிடப்பவை மூன்று, ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு விஷம். முதலாவது, தண்ணீரில் போகும் நீலப் பேனா. இதற்குப் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் வேண்டும். சூடு காட்டினால் கோடு துணியோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும். துவைக்குமுன் ஐயர்ன் பண்ணியவர்கள் பிறகு எவ்வளவு ஊறவைத்தும் பயனில்லை. இரண்டாவது, காற்றில் தானே மறையும் ஊதாப் பேனா. இதன் மை காரத்தன்மை இருக்கும்வரை நிறம் காட்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து காரத்தை முறித்ததும் நிறம் போய்விடும். காலையில் வரைந்த மயிலுக்கு மாலையில் தோகை இருக்காது. மழைக்காலமென்றால் மதியமே பறந்துவிடும். போனது போனதுதானா என்றால், அதுவும் இல்லை. சோப்புத்தூள் காரமான சரக்கு. அலசாமல் விட்ட மை அதில் பட்டால் மறுபடி எட்டிப்பார்க்கக்கூடும்.

மூன்றாவது, சூட்டில் மறையும் பேனா. ஜப்பானின் பைலட் நிறுவனம் எழுதுவதற்காகக் கொண்டுவந்த ஃபிரிக்ஷன் பேனாவின் வகையறா. 60 டிகிரி தாண்டினால் மை நிறமிழக்கும். பெரம்பலூர் வெயில் 40-ஐத் தொட்டாலும் 60 வராதே என்று அலட்சியம் வேண்டாம். சித்திரை மாதம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வரும். மணப்பெண் ஜாக்கெட்டுக்கு வரைந்த கோலத்தை அங்கே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர், திரும்பி வந்து வெறுந்துணியை எடுத்துக்கொள்வார்.

அதைவிட விசேஷம், இந்த மை சாவதில்லை, தூங்குகிறது. மைனஸ் 10, 20 டிகிரிக் குளிரில் கோடு திரும்பி வரும். பச்சைமலை உச்சியில் மார்கழிப் பனியிலும் அந்தக் குளிர் வராது. ஆனால் வீட்டிலேயே வரும் இடம் ஒன்று உண்டு: ஃப்ரீசர். துணியில் ஒட்டிய பபிள்கம்மை உரிக்க அதை ஃப்ரீசரில் வைக்கிறவர்கள் பபிள்கம்மை இழந்து பூங்கொடியைப் பெறுவார்கள். இன்னொரு இடம் டொராண்டோ. ஜெயங்கொண்டத்தில் தைத்து, தை மாதத்தில் கனடாவில் பிரித்த பார்சலில் அக்கா மகளின் ஜாக்கெட் முழுக்கக் கோடு எழுந்து நின்றால், அனுப்பியவர்மேல் தப்பில்லை, பேனாவின் சுபாவம் அது. அரியலூர் மாவட்டக் கோட்டின் 2007 முன்னுதாரணத்தை வாசகர் இங்கே நினைவுகூரலாம். கறுப்புப் பட்டில் இந்த மைக்கு இன்னொரு குணமும் உண்டு: நிறம் போனாலும் கோடு போன வழி சில சமயம் வெளுப்பாகத் தெரியும்.

ஆரிக்காரர்களின் பழைய முறை இந்தத் தொல்லை எதுவும் இல்லாதது. டிரேஸ் பேப்பரில் படம் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துப் பஞ்சால் தேய்ப்பார்கள். மண்ணெண்ணெய் காற்றில் போய்விடும், தூள் புள்ளிகளாய் நிற்கும், வேலை முடிந்தபின் உதிரும். வெளிர்த் துணிக்குத் தூளின் நிறத்தை மாற்றிக்கொள்வார்கள். நாற்றம் ஒன்றுதான் குறை. அடுப்பும் ஐயர்ன் பாக்ஸும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பதை நகைச்சுவை இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.

கருவியே இல்லாத கருவி ஒன்றும் உண்டு: கட்டைவிரல் நகம். துணியை மேசையில் அழுத்தி நகத்தால் ஓர் இழுப்பு. ஜப்பானியர் இதற்கென்று ஹெரா என்ற கருவி செய்துவைத்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குப் பிறவியிலேயே பத்து கிடைத்திருக்கின்றன. பருத்தி இந்தத் தடத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலியஸ்டர் கண்டுகொள்ளாது. பருத்தி விளையும் பெரம்பலூரில் இது பெருமைக்குரிய செய்தி.

இத்தனை குறிகளையும் கடைசியாகச் சோதிப்பது ஜாக்கெட் இல்லை, பழஞ்சேலை விரிப்பு. வெட்டுக்கோடு தையலுக்குள் ஒளிந்துவிடும். பழைய நூல் சேலைகளை மூன்று நான்கு அடுக்காகப் பரப்பி ஓட்டுத்தையல் போடும்போது கோடு முழுக்க மேலே கிடக்கும், தையல் முடியும்வரை இருக்கவும் வேண்டும், முடிந்ததும் போகவும் வேண்டும். கையால் தைத்தால் வாரக்கணக்கில் ஆகும். ஊதாப் பேனா இரண்டாம் நாளே கைவிரித்துவிடும். சாக்கு மடியில் போட்டுத் தைக்கத் தைக்க உதிரும். சூட்டுப் பேனா நிற்கும், ஆனால் அத்தனை அடுக்கும் குளிருக்குத்தானே? விரிப்பு டொராண்டோவுக்குப் போனால் கோடு எழுந்துவிடும். பாட்டிமார் இதற்குக் கண்ட தீர்வு எந்தப் பேனாவையும்விட உயர்ந்தது. மேலடுக்குக்குக் கட்டம் போட்ட சேலையை எடுத்தார்கள். நெசவாளரே கோடு போட்டுக் கொடுத்துவிட்டார், அழிக்கவும் வேண்டாம்.

ஆக, ஆய்வின் தீர்ப்பு இது. கருந்துணிக்குக் காய்ந்த வெள்ளைச் சோப்பு. வெளிர்ப் பருத்திக்குத் தண்ணீர்ப் பேனா, பச்சைத் தண்ணீர் அலசல், அதற்குப் பிறகே ஐயர்ன். பட்டுக்கு வெள்ளைச் சாக்கு, அதுவும் உள்பக்கம். சூட்டுப் பேனா வெட்டுக்கோட்டோடு நிற்கட்டும், மேற்பக்கம் வர வேண்டாம். எதுவானாலும் துணியின் ஓரத்திலிருந்து எடுத்த பிட்டில் முதலில் ஒரு கோடு போட்டு, அலசி, காயவைத்து, தேய்த்துப் பார்த்துவிட வேண்டும். கடையில் பேனா விற்றவர் சொன்னது அதன் பிறகுதான் சாட்சி. கல்யாணப் பட்டைத் தைக்கக் கொடுக்கும்போது கூலி எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்று கேட்கிறீர்கள் அல்லவா? கூடவே, “எதுல கோடு போடுவீங்க மாஸ்டர்?” என்றும் கேட்டுவிடுங்கள்.