மாற்றுச் சைலன்சரும் புகைச் சான்றும்: திண்டுக்கல் சமவெளி குறித்து ஓர் ஆய்வு

சைலன்சர் என்பது இன்ஜினின் ஓசையை அடக்குவதற்காகப் பொருத்தப்படும் குழாய். திண்டுக்கல்லில் டிஎன் 57 எண்பலகை தாங்கித் திரியும் இருசக்கர வாகனங்களில் ஒரு பிரிவு இதே குழாயை நேர் எதிரான நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. வண்டியோடு வந்த 'கம்பெனி சைலன்சர்' கழற்றப்பட்டுப் பரணுக்குப் போகிறது. புல்லட்டாக இருந்தால் அதன் இடத்தில் பஞ்சாப், கோல்டு ஸ்டார், ஷார்ட் பாட்டில் என்ற வகைகளில் ஒன்று அமர்கிறது. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் வாயைப் பூட்டாத குழாய்க்கு இத்தனை மதிப்பு எப்படி வந்தது என்பது தனி ஆய்வுக்கு உரியது. இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது, இத்தகைய வண்டி புகைச் சோதனையில் தேறுமா என்ற ஒரே வினா.

புகைச் சான்றுக்கு அடிப்படை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதி. புது வண்டிக்கு முதல் ஓராண்டு விலக்கு உண்டு. அதன்பின் பழைய வண்டிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டிகள் ஆண்டுக்கு ஒருமுறையும் சான்று பெறவேண்டும். சோதனை எளியது. வண்டி ஐடிலில் ஓட, குழாய்க்குள் ஒரு கம்பி நுழைக்கப்படுகிறது. வாயுவில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று கருவி சொல்கிறது. எண்பலகை தெரியும்படி ஒரு படம் எடுக்கப்படுகிறது. படத்தின் ஓரத்தில் மாற்றுச் சைலன்சரும் தன் பங்குக்குப் பளபளத்து நிற்பதுண்டு. அதைக் கேள்வி கேட்க அங்கே எவருக்கும் வேலை இல்லை. கருவிக்கு மூக்கு மட்டுமே உண்டு, காது கிடையாது.

இந்த உடற்கூறு உண்மை பரவலாக அறியப்படவில்லை. ஆகவே சோதனைக்கு முந்தைய நாள் மாலையில் ஒரு சடங்கு நடக்கிறது. பரணிலிருந்து கம்பெனி சைலன்சர் இறங்குகிறது, தூசி தட்டப்படுகிறது, மெக்கானிக் ஸ்பேனரோடு அமர்கிறார். மறுநாள் சான்று கைக்கு வந்ததும் எல்லாம் பழையபடி. 2015 செப்டம்பரில் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் விவகாரமும் தத்துவத்தில் இதுதான்: சோதனை நடக்கும்போது ஒரு குணம், சாலையில் வேறு குணம். அந்த நிறுவனம் இதற்கென மென்பொருள் எழுதி உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி டீசல் வண்டிகளில் ஏற்றியது. நம்மூர் மெக்கானிக் ஒரு ஸ்பேனரோடு முடித்துவிடுகிறார். செலவுக் கணக்கில் திண்டுக்கல் முறையே மேலானது. ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கு அந்தச் செலவும் பெரும்பாலும் வீண்.

காரணம் பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதத்தில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு பெருகுவது காற்று போதாமல் பெட்ரோல் மிகும்போது. தடையில்லாக் குழாய் கலவையைக் கூட்டுவதில்லை. எதையேனும் செய்தால் சற்றே மெலியவைக்கும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் கேட்கும் படபடப்புக்கும் இந்த மெலிவில் பங்குண்டு. மேலும் குட்டைக் குழாயில், ஒற்றை சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் துடிக்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே திரும்புகிறது. கம்பி முகர்வது பாதி புகை, பாதி திருச்சி சாலைக் காற்று. சோதனை முறை கம்பியை ஆழமாக நுழைக்கச் சொல்வதும், குழாயில் ஓட்டை கூடாது என்பதும் இதனால்தான். உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவும், ஏர் ஃபில்டரில் அடைந்திருக்கும் செம்மண்ணும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 தனி இனம். 1985 முதல் 1996 வரை தயாரான இந்த டூ ஸ்ட்ரோக் வண்டி ஆயிலையும் சேர்த்து எரிப்பது. எரியாத பெட்ரோலில் ஒரு பங்கை அப்படியே வெளியே விடுவதும் அதன் பிறவிக் குணம். அதன் குழாய் வெறும் குழாயன்று. உட்புற வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பிக்கும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. ஆகவே உள்ளிருக்கும் அமைப்பை அறுத்தெறிந்தவருக்குச் சத்தம் கிடைக்கும், இழுவை போகும், ஹைட்ரோகார்பனும் ஏறும். எனினும் சட்டம் மூத்தோரிடம் மரியாதை காட்டுகிறது. 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 வரை மன்னிப்பு. அதற்குப் பின் வந்த வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதமாகக் குறைந்தது, ஹைட்ரோகார்பன் டூ ஸ்ட்ரோக்குக்கு 6,000, ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 4,500.

ஒட்டன்சத்திரம் காய்கறி லாரி முதலான டீசல் இனங்களுக்கு வாயு அல்ல, புகையின் கருமையே அளக்கப்படுகிறது. அவை இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பால்.

மெய்யான இடர் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில்தான். இவற்றின் வரம்பு இன்னும் இறுக்கம். அதைக் காப்பாற்றுவது கேட்டலிடிக் கன்வர்ட்டர். பெண்டு பைப்பில் கன்வர்ட்டர் இருக்கும் வண்டியில் பின்பாதியை மட்டும் மாற்றினால் புகையில் பெரிய வேறுபாடு வராது. சைலன்சர் வயிற்றிலேயே கன்வர்ட்டர் இருக்கும் வண்டியிலோ முழுக் குழாயையும் மாற்றும்போதோ, அதுவும் சேர்ந்து பரணுக்குப் போகிறது. மேலே சொன்ன சடங்குக்குப் பொருள் இருப்பது இங்கு மட்டுமே. கன்வர்ட்டர் வேலை செய்ய ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும். காலையில் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டே வந்த வண்டியைவிட, பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்த வண்டி நன்றாகத் தேறும்.

சட்டத்துக்குக் காது இல்லாமல் இல்லை; அது வேறிடத்தில் இருக்கிறது. 120-ஆம் விதி ஒவ்வொரு வண்டிக்கும் ஓசையைக் குறைக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி ஆலையிலிருந்து வெளிவரும்போது 80 டெசிபெலைத் தாண்டக் கூடாது. சாலையில் இதைக் கேட்பவர் போக்குவரத்துக் காவலர். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது கேட்பவர் பிரேக் இன்ஸ்பெக்டர். 2019 திருத்தத்தின்படி ஒலி, காற்று மாசு வரம்பை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் முடங்கும். அனுமதியின்றி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. அந்த நேரத்தில் புகைச் சான்றை எடுத்து நீட்டுவதால் பயனில்லை; அதில் டெசிபெலுக்குக் கட்டமே கிடையாது.